சீல் மாற்றியும் ஒழுகும் பம்ப்

கேள்வி: கிணற்றுப் பம்பில் மோட்டருக்கும் பம்புக்கும் இடையால் தண்ணீர் ஒழுகுகிறது. சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் சீலை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீரும் முன்னைப்போல் ஏறுவதில்லை. தண்ணீரைத் தள்ளும் சுழல் தட்டான இம்பெல்லரையும் மாற்ற வேண்டுமா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கழற்றிப் பாருங்கள். மட்டக்களப்பின் கடலோரப் பக்கமான எழுவான்கரையின் மணல் கிணறுகளில் இம்பெல்லரின் ஓரம்தான் முதலில் தேயும். இதழ்கள் மெலிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மோட்டரின் பின்பக்க விசிறி மூடியை எடுத்தால் சாஃப்ட்டை (சுழலும் தண்டை) பிடித்துக்கொண்டு இம்பெல்லர் நட்டைத் திருப்பலாம். பழைய சீலோடு சாஃப்ட்டையும் வேர்னியர் அளவுகோலால் அளந்தே புதியதை வாங்குங்கள், கண்ணளவு சரிவராது.

பெரும்பாலும் பிழை நேர்வது சீலின் வெள்ளை செராமிக் வளையத்தைப் பொருத்தும்போதுதான். அதன் பளபளப்பான முகத்தில் விரல் படக்கூடாது. இறப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, சுத்தமான துணி வைத்து, நேராக அமுக்குங்கள். கிறீஸ் வேண்டாம், சிலவகை இறப்பர் அதில் ஊதிவிடும். சுத்தியலால் தட்டவே கூடாது. சாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது. சாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் பெயாரிங்கையும் மாற்றுங்கள்.

இரண்டு மாதத்தில் போனதென்றால் எனக்குச் சந்தேகம், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட்வால்வில். அது ஒழுகினால் பம்ப் தண்ணீரில்லாமல் வெறும் காற்றில் ஓடும். சூடேறிய செராமிக்கில் திடீரெனத் தண்ணீர் பட்டதும் வெடிக்கும். ஃபுட்வால்வைத் திருத்தி, கிணற்றின் அடித்தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். பூட்டியதும் கையால் சுற்றிப் பார்த்து, தண்ணீர் நிரப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.