தொய்ந்துபோன தோல் சீட்: துளை போட்டு லேஸ் கட்டலாமா?

கேள்வி: என் சைக்கிளில் புரூக்ஸ் பி17 தோல் சீட் இருக்கிறது. பெரும்பாலும் நீண்ட தூரம்தான் ஓட்டுகிறேன். இப்போது நடுப்பகுதி தொய்ந்து, இரண்டு பக்கத் தோலும் வெளியே விரிந்து தொடையில் உரசுகிறது. பக்கங்களில் துளை போட்டு லேஸ் கட்டச் சொல்கிறார்கள். நடுவில் பிளவு வெட்டினால் உட்காரும் இடம் மரத்துப்போவதும் குறையும் என்கிறார்கள். சீட்டின் பின்னால் ஒரு பை மாட்ட வேண்டும், மழைக்கும் ஏதாவது செய்ய வேண்டும். எதையெல்லாம் செய்யலாம்?

பதில்: லேஸ் கட்டுங்கள், பை மாட்டுங்கள். நடுவில் கத்தி மட்டும் வைக்காதீர்கள்.

சாதாரண சீட்டில் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஓடு, அதன் மேல் பஞ்சு, அதற்கும் மேலே உறை. உறை கிழிந்தாலும் சீட் நிற்கும். தோல் சீட்டுக்கு அடியில் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே துண்டுத் தோலைப் பின்பக்க இரும்புத் தகட்டிலும் முன்மூக்கிலும் ரிவிட் அடித்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், கயிற்றுக்கட்டில் மாதிரி. உங்கள் எடை முழுவதும் அந்த இழுப்பில்தான் நிற்கிறது. புரூக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1882இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை கேட்ட காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. அதனால் இதில் போடும் ஒவ்வொரு துளையும் தாங்கும் பாகத்திலேயே போடும் துளை. எங்கே போடுகிறோம் என்பதுதான் முக்கியம். பக்கத் தோலின் கீழ் விளிம்பில் இழுப்பு குறைவு, அங்கே துளை போட்டால் பெரிய பாதிப்பு இல்லை. நடு மேற்பகுதியில்தான் மூக்கிலிருந்து பின்தகடு வரை மொத்த இழுப்பும் ஓடுகிறது.

தொய்வைப் பார்த்ததும் பலர் முதலில் மூக்குக்கு அடியில் இருக்கும் நட்டைத் திருகுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். அந்த நட்டு தோலை நீளவாக்கில் மட்டும் இழுக்கும். உங்கள் பிரச்சினையோ குறுக்குவாக்கில். நடு கீழே இறங்க இறங்க, பக்கத் தோல் வெளியே தள்ளப்படுகிறது. நட்டை இறுக்கினால் விரிந்த பக்கம் விரிந்தபடியே இருக்கும், நடுவில் மட்டும் ஒரு கெட்டியான முகடு எழும்பும். அது உட்காருகிற இடத்தில் இன்னும் வலியைத்தான் கொடுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ரிவிட்டைச் சுற்றித் தோல் கிழியவும் செய்யும்.

லேஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. அகலமான வார் ஒன்றை எடுத்து, சீட்டின் நடுப்பகுதியைச் சுற்றிப் போட்டு மெதுவாக இழுங்கள். பக்கத் தோல் நேராக நிமிர்ந்ததும் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தொய்வு ஓரளவு மேலே வந்தால் லேஸ் உங்களுக்குப் பலன் தரும். எதுவும் மாறாமல் தோல் மட்டும் மடிந்து சுருங்கினால், அந்தத் தோல் ரொம்பவே நைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு லேஸ் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

சோதனை சரியாக வந்தால் துளைக்குப் போகலாம். விரிவு அதிகமாக இருக்கும் இடத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு துளைகள் போதும். கீழ் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் மேலே தள்ளிப் போடுங்கள், விளிம்பை ஒட்டிப் போட்டால் லேஸ் தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு காகிதத்தைப் பக்கத் தோலின் வடிவத்துக்கு வெட்டி, அதில் புள்ளி வைத்து, அதையே திருப்பி அடுத்த பக்கத்துக்கும் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் சீட் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். துளையை பெல்ட்டில் ஓட்டை போடும் வட்டமான பஞ்ச் கருவியால்தான் போட வேண்டும், நான்கு மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். கத்தி முனையால் குத்தினால் அது துளை அல்ல, கீறல். கீறலின் நுனியிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். வட்டத்துக்கு அப்படி நுனி கிடையாது. அடிக்கும்போது தோலுக்கு உள்பக்கம் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுங்கள்.

கோக்க சாதாரண ஷூ லேஸ் போதும். மெழுகு தடவிய கனமான நூல் இன்னும் நன்றாக இருக்கும். சீட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பக்கத் தோல் நேராகத் தொங்கும் அளவுக்கு மட்டும் இழுத்து முடிச்சுப் போடுங்கள். உள்ளுக்குள் சாயும் அளவுக்கு இழுத்தால் மறுபடியும் நடுவில் முகடு வந்துவிடும். லேஸ் சீட்டின் கம்பியில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரசினால் சீக்கிரம் அறுந்துபோகும். நாலைந்து முறை ஓட்டிய பிறகு ஒரு தடவை சரிபார்த்து இறுக்குங்கள். அப்புறமும் தொய்வு இருந்தால்தான் மூக்கு நட்டு. தோல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். அதிலேயே சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஈரத்தோலில் அந்த நட்டைத் தொடவே கூடாது.

தொடையில் உரசுவதற்கு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. பக்கத் தோலின் கீழ் விளிம்பை மணல்தாளால் தேய்த்து, கூர்மை போக வளைத்துவிட்டு, தேன்மெழுகு தடவித் துணியால் அழுத்தித் தேயுங்கள். விளிம்பு கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். இதே புரூக்ஸின் டீம் புரோ சீட்டில் தொழிற்சாலையிலேயே விளிம்பைச் சரித்துச் சீவித்தான் அனுப்புகிறார்கள்.

பிளவு விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் திறப்புள்ள தோல் சீட்டுகள் இருக்கின்றன. புரூக்ஸ் இம்பீரியலில் திறப்போடு லேஸும் உண்டு. செல்லே அனடாமிகா என்ற இன்னொரு நிறுவனத்தின் சீட்டில் நீளமான பிளவே இருக்கிறது. அவையெல்லாம் அதற்கென்றே வடிவமைத்தவை. ஏற்கெனவே தொய்ந்த தோலில் நீங்கள் பிளவு போட்டால், இரண்டு பாதிகளும் தனித்தனியாக நீளும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மரத்துப்போவதற்கு முதலில் உயரத்தையும் சாய்வையும் பாருங்கள். சீட் அதிக உயரமாக இருந்தாலோ மூக்கு அதிகமாக நிமிர்ந்திருந்தாலோ அழுத்தம் முழுவதும் முன்பகுதிக்கு வந்துவிடும். எடை பின்பக்கத்தில் இடுப்பெலும்பின் மேல்தான் உட்கார வேண்டும். தோல் சீட்டில் மூக்கு மிக லேசாக மேலே இருந்தால்தான் முன்னால் வழுக்காமல் உட்கார முடியும் என்பதால், ஒவ்வொரு முறையும் கொஞ்சமே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, இந்த சீட்டின் கம்பியில் நேரான பகுதி குட்டையானது, விரும்பும் அளவுக்குப் பின்னால் தள்ள முடியாது. முன்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால், பின்பக்கம் வளைந்த சீட் போஸ்ட்தான் அதற்கு மருந்து.

பைக்கு வழி உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. பி17இன் பின்தகட்டில் இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு, அவை பை வாரைக் கோப்பதற்கென்றே வைத்தவை. வளையம் இல்லாத மாடல்களுக்குக் கம்பியில் மாட்டும் கிளாம்ப் கிடைக்கிறது. எதைச் செய்தாலும் வாரைத் தோலின் மேல் சுற்றிக் கட்டாதீர்கள். கம்பிக்கு அடியில் சின்ன கருவிப் பை மாட்டுவதாக இருந்தால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நீங்கள் உட்காரும்போது தோல் கீழே இறங்கும், பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் இன்னும் இறங்கும். பையோ கிளாம்ப் போல்ட்டோ தோலின் அடியைத் தொட்டால் அந்த இடம் தேய்ந்து பலவீனமாகிவிடும். ஸ்பிரிங் வைத்த சீட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், பைக்கும் டயருக்கும் நடுவே கூடுதல் இடைவெளி தேவை. பி17இல் ஸ்பிரிங்கைத் தனியாகச் சேர்க்க முடியாது. ஃப்ளையர் என்ற மாடல் கிட்டத்தட்ட இதே தோலும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததுதான்.

மழை என்றால் எல்லோரும் மேலே உறை போடுகிறார்கள். ஆனால் மெருகில்லாத அடிப்பக்கம்தான் தண்ணீரை உறிஞ்சும், பின்சக்கரம் அங்கேதான் வாரி அடிக்கும். முழு நீள மட்கார்டு போடுங்கள், அடித்தோலுக்கும் புரூஃபைடு போன்ற மெழுகைத் தடவுங்கள். பிளாஸ்டிக் உறை மழை நேரத்துக்கு மட்டும்; நின்றதும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நனைந்த சீட்டை நிழலில் தானாகவே காயவிடுங்கள். ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால்தான் தொய்வு வேகமாக வரும், உங்களுடையதும் அப்படித் தொடங்கியிருக்கலாம். எண்ணெயில் ஊறவைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தோல் மென்மையாவது உண்மைதான், அதே வேகத்தில் தொய்ந்தும் போகும்.