பாட்டும் பதிவும் யாருடையவை? – வாசகர் கேள்வி பதில்

(அயர்லாந்தின் சுயாதீனப் பாடகர்களைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.)

கேள்வி: டேமியன் ரைஸ், பெரிய நிறுவனம் ஒன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை உதறிவிட்டு வந்தவர் என்று படித்தேன். கைக்கு எட்டியதை விட்டுவிட்டு வந்தவர் பிறகு எப்படிப் புகழ் பெற்றார்? ‘சுயாதீனக் கலைஞர்’ என்பது, நிறுவனம் கிடைக்காதவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் பட்டம்தானே?

பதில்: பலருடைய விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ரைஸின் கதை அந்தக் கணக்கில் சேராது. கில்டேர் மாவட்டத்தின் செல்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், 1990-களில் ‘ஜூனிபர்’ என்ற இசைக்குழுவின் பாடகராக இருந்தார். 1997-இல் அந்தக் குழுவுக்குப் பாலிகிராம் நிறுவனத்துடன் ஆறு ஆல்பங்களுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. அந்த வயதில் எந்த ஐரிஷ் இளைஞனும் கனவு காணக்கூடிய ஏற்பாடு அது. முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, வானொலிக்கு ஏற்றபடி பாட்டை மாற்றச் சொல்லும் நெருக்கடியைப் பொறுக்க மாட்டாமல் ரைஸ் குழுவை விட்டு விலகினார். இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குச் சென்று சில காலம் நிலத்தில் வேலை செய்தார். பிறகு ஐரோப்பியத் தெருக்களில் பாடிப் பிழைத்தார். எஞ்சிய நால்வரும் ‘பெல் எக்ஸ் 1’ என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். அவர்களும் பிற்காலத்தில் நன்றாகவே தலையெடுத்தார்கள் என்பதால், விலகியவர் அறிவாளி, தங்கியவர்கள் ஏமாளிகள் என்று இந்தக் கதையைச் சொல்லிவிட முடியாது.

ஊர் திரும்பிய ரைஸ், திரையிசையமைப்பாளரும் தம் தூரத்து உறவினருமான டேவிட் ஆர்னால்டிடம் மாதிரிப் பதிவு ஒன்றைக் கொடுத்தார். அதைக் கேட்டு மனம் மகிழ்ந்த ஆர்னால்ட், வீட்டிலேயே வைத்துப் பதிவு செய்யக்கூடிய கருவிகளை ஏற்பாடு செய்து தந்தார். மணிக்கணக்கில் வாடகை ஏறும் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒரு பாடகர் நான்காவது முறை பாடிப் பார்க்கவே தயங்குவார். சொந்தக் கருவி இருப்பவர் நாற்பதாவது முறையும் பாடலாம், வேண்டாம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பதிவுக்கே திரும்பவும் செய்யலாம். அப்படி உருவான ‘ஓ’ என்ற ஆல்பத்தை 2002-இன் தொடக்கத்தில் டிஆர்எம் என்ற சொந்த வெளியீட்டு முத்திரையில் (லேபிள்) அயர்லாந்தில் வெளியிட்டார். பாட்டும் அவருடையது, பதிவும் அவருடையது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதை வெளியிடப் பிற நிறுவனங்களுடன் சேர்ந்துகொண்டார் என்றாலும், அப்போது அவர் பேச்சுவார்த்தையில் அமர்ந்தது, முடிந்துவிட்ட ஒரு படைப்பைக் கையில் வைத்துக்கொண்டு. அதில் ஒரு சுருதியைக்கூட மாற்றச் சொல்ல எவருக்கும் இடமிருக்கவில்லை. 2003-இல் அமெரிக்காவின் ‘ஷார்ட்லிஸ்ட்’ இசைப் பரிசு அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது.

ஆகவே நிறுவனத்தோடு சேர்ந்தாரா இல்லையா என்பதைவிட, எந்தக் கட்டத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரே காலகட்டத்தில் அயர்லாந்தில் மட்டும் இத்தனை பேர் சொந்தமாக ஆல்பம் வெளியிட்டதற்குத் தனிக் காரணம் உண்டா?

பதில்: உண்டு. விந்தை என்னவென்றால், அதற்கு வழிகாட்டியவர் ஓர் ஆங்கிலேயர். நிறுவனங்களால் கைவிடப்பட்ட டேவிட் கிரே, லண்டனில் தம் குடியிருப்பிலேயே பதிவு செய்த ‘ஒயிட் லேடர்’ என்ற ஆல்பத்தை 1998-இல் சொந்த முத்திரையில் வெளியிட்டார். பிரிட்டன் அதை முதலில் பொருட்படுத்தவே இல்லை. அயர்லாந்துதான் வாரி அணைத்துக்கொண்டது. அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. வீட்டில் பதிவு செய்த, விளம்பரமில்லாத ஒரு தட்டு, வாய்மொழியாலேயே நாடு முழுவதும் பரவ முடியும் என்பதை டப்ளின் இளைஞர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள். சுமார் ஐம்பது லட்சம் பேரே வாழும் நாட்டில் ஒரு செய்தி ஊர் ஊராகச் சுற்றிவர அதிக நாள் பிடிப்பதில்லை.

கேள்வி: ஐரிஷ் பாடகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் எல்லாம் தெருவில் பாடியதாகத் தவறாமல் வருகிறது. விளம்பரத்துக்காகச் சேர்க்கப்படும் ஏழ்மைக் கதையா இது?

பதில்: சில இடங்களில் மிகைப்படுத்தல் இருக்கலாம், க்ளென் ஹன்சார்ட் விஷயத்தில் இல்லை. டப்ளினின் பாலிமன் பகுதியில் 1970-இல் பிறந்த அவர், பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு கிராஃப்டன் தெருவில் கிட்டாரோடு நின்றவர். 1990-இல் ‘தி ஃப்ரேம்ஸ்’ குழுவைத் தொடங்கினார். ஐலண்ட் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டு, ஓர் ஆல்பத்துக்குப் பின் கைவிட்டது. வேறு நிறுவனங்களையும் பார்த்த பிறகு, சொந்த முத்திரையில் வெளியிடும் முடிவுக்கு அந்தக் குழு வந்து சேர்ந்தது.

தெருவில் கேட்பவர் எவரும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவரில்லை. முதல் வரியிலேயே நடப்பவரின் காலைக் கட்டிப்போட வேண்டும். இரண்டாவது வரியில் நடை தொடர்ந்தால் பாட்டு தோற்றது என்று பொருள். ஹன்சார்டின் குரல் தணிந்த பேச்சிலிருந்து சட்டென்று கூவலுக்கு எழும்புவதைக் கேட்கும்போது, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இது என் ஊகம்தான்; அவர் அப்படிச் சொன்னதாகக் கொள்ள வேண்டாம்.

அதே தெருவில்தான் ஹன்சார்ட் நடித்த ‘ஒன்ஸ்’ படத்தின் சில காட்சிகளும் எடுக்கப்பட்டன. இயக்குநர் ஜான் கார்னி, ஒரு காலத்தில் ‘தி ஃப்ரேம்ஸ்’ குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். மிகச் சிறிய செலவில், பெரும்பாலும் ஐரிஷ் திரைப்பட வாரியத்தின் பணத்தில் எடுத்த படம் என்பதால், தெருக் காட்சிகளைத் தொலைவிலிருந்து நீண்ட லென்ஸ் கொண்டு பிடித்தார்கள்; கடந்து போகிறவர்களில் பலருக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியாது. அதில் இடம்பெற்ற பாடலுக்காக 2008-இல் ஹன்சார்டும், உடன் நடித்துப் பாடிய செக் நாட்டுப் பெண் மார்கெட்டா இர்க்லோவாவும் ஆஸ்கர் பெற்றார்கள். பாட்டு எழுதுகிறவருக்கு உலகளாவிய வானொலியைவிட ஒரே ஒரு திரைப்படம் பெரிய வாசலாக அமையலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தெருவுக்கு அடுத்த படி, சிறிய அரங்குகள். வெக்ஸ்ஃபோர்ட் தெருவில் உள்ள வீலன்ஸ், ஒரு தலைமுறைப் பாடகர்கள் அனைவரும் ஏறிய மேடை. டாய்ல்ஸ் மதுக்கூடத்தின் மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் ‘ரூபி செஷன்ஸ்’ நிகழ்ச்சியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், பேச்சுச் சத்தமின்றிப் பாட்டைக் கேட்கிறார்கள். கிடைக்கும் பணம் வீடற்றோருக்கான அறக்கட்டளைக்குப் போகிறது. மதுக்கூடத்தில் வாயைத் திறக்காமல் கேட்கும் கூட்டம் என்பது, பழகியவர்களுக்குத் தெரியும், எளிதில் வாய்ப்பதில்லை.

கேள்வி: ரைஸோடு பாடிய லிசா ஹேனிகன் பிறகு என்ன ஆனார்? துணைக்குரலாக இருந்தவர் தனியே நிற்பது கடினமில்லையா?

பதில்: மிகக் கடினம். கேட்பவர்களின் காதில் அந்தக் குரல் வேறொருவருடைய பாட்டின் பகுதியாகப் பதிந்திருக்கும். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்த ஹேனிகன், படிப்பை விட்டுவிட்டு ரைஸின் குழுவில் சேர்ந்தவர். 2007-இல் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே ‘ஸீ ஸோ’ என்ற முதல் ஆல்பத்தை, ஹூப் ரெக்கார்டிங்ஸ் என்ற சொந்த முத்திரையில் கொண்டுவந்தார். கில்கென்னி மாவட்டத்தில் ஒரு தானியக் களஞ்சியத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, டப்ளினில் இரண்டே வாரத்தில் பதிவை முடித்தார்கள். கடன் வாங்கிக் கூடத்துக்கு வாடகை கொடுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. களஞ்சியத்தில் எவ்வளவு நேரம் தடுமாறினாலும் மீட்டர் ஓடாது.

அந்த ஆல்பத்தின் அட்டை ஊசியும் நூலும் கொண்டு கையால் தைத்த கலைவேலை, தைத்தவரும் அவரே. பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் பாடகியின் முகத்தை அட்டையில் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 2009-இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம்பெற்றது. ரைஸின் துணைக்குரல் என்ற அடையாளம் அதோடு பின்னுக்குப் போயிற்று.

இவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் கால்வேயைச் சேர்ந்த ஜூலி ஃபீனி. பாடல் எழுதுவதிலிருந்து வாத்தியக் கோர்வை அமைப்பது வரை அனைத்தையும் தாமே செய்து, 2005-இல் ‘13 ஸாங்ஸ்’ ஆல்பத்தைச் சொந்தமாக வெளியிட்டார். ஆண்டின் சிறந்த ஐரிஷ் ஆல்பத்துக்கான ‘சாய்ஸ்’ பரிசு தொடங்கப்பட்டபோது, முதன்முதலாக அதைப் பெற்றது அந்த ஆல்பம்தான். பரிசுக்குப் பின் பெரிய நிறுவனம் ஒன்று அவரை அணைத்துக்கொண்டாலும், 2009-இல் வந்த அடுத்த ஆல்பத்தை அவர் மீண்டும் சொந்த முத்திரையிலேயே வெளியிட்டார்.

கேள்வி: ஹோசியரை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

பதில்: தொடக்கத்தை மட்டும் சேர்க்கலாம். விக்லோவில் வீட்டுப் பரணில் முதல் வடிவம் பெற்ற ‘டேக் மீ டு சர்ச்’ என்ற அவருடைய புகழ்பெற்ற பாடலை 2013-இல் வெளியிட்டது, ரூபிவொர்க்ஸ் என்ற சிறிய ஐரிஷ் நிறுவனம். காணொளியை எடுத்ததும் கார்க் நகரத்துச் சிறிய குழு ஒன்றுதான். அதன் பிறகான அவருடைய பயணம் பெரிய நிறுவனங்களின் பயணம்.

கேள்வி: புகழ் இருக்கட்டும், அரிசி பருப்புக்கு என்ன வழி? ஒரு சாதாரண சுயாதீனப் பாடகருக்கு அயர்லாந்தில் எங்கெங்கிருந்து பணம் வருகிறது?

பதில்: ஒரே பாட்டிலிருந்து வெவ்வேறு வாய்க்கால்கள் வழியாக வருகிறது. எந்த வாய்க்கால் எதிலிருந்து பிரிகிறது என்று அறியாமல் பணத்தைத் தவற விடுகிறவர்கள் ஏராளம். பாட்டை எழுதியவர் என்ற முறையில் கிடைப்பது ஒன்று: வானொலி, தொலைக்காட்சி, மதுக்கூடம், கடை என எங்கு பாட்டு ஒலித்தாலும் அதற்குரிய ராயல்டியை ‘இம்ரோ’ என்ற அமைப்பு வசூலித்து எழுதியவருக்குத் தருகிறது. தம் பாட்டைத் தாமே மேடையில் பாடினாலும் இதில் பங்கு உண்டு. ஆனால் அன்று பாடிய பாடல்களின் பட்டியலை அனுப்பியிருக்க வேண்டும். நள்ளிரவில் கருவிகளை வண்டியில் ஏற்றிவிட்டுக் களைத்துப் போனவர் முதலில் மறப்பது இந்தப் பட்டியலைத்தான். பதிவில் பாடியவர், வாசித்தவர் என்ற முறையில் வருவது இன்னொன்று. அதற்கு ‘ராப்’ என்ற வேறு அமைப்பில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பதே மேல்: 2024 முதல், ஆண்டுக்கு ஆயிரம் முறைகூட ஒலிக்காத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை.

அரசின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1969-இல் சார்ல்ஸ் ஹாஹி நிதியமைச்சராக இருந்தபோது, கலைஞர்களின் படைப்பு வருமானத்துக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கு 50,000 யூரோ வரை அது பொருந்தும். இதில் நுட்பமான ஒரு கோடு உண்டு. விலக்கு, பாட்டை இயற்றியதால் வரும் வருமானத்துக்குத்தான்; பாடியதற்கான கச்சேரிச் சம்பளத்துக்குக் கிடையாது. ஆக, தம் பாட்டைத் தாமே பாடுகிற ஒருவர், வரி அலுவலகத்தின் பார்வையில் இரண்டு ஆட்களாகிறார். சுயாதீனப் பாடகர்களில் பெரும்பாலோர் வாழ்வது கச்சேரிச் சம்பளத்தில் என்பதால், பெயர் பெரிதாக இருக்கும் அளவுக்கு இந்தச் சலுகை சிறியவர்களுக்குப் பயன்படுவதில்லை என்பது என் கருத்து. அவர்களுக்கு உண்மையிலேயே உதவியது, 2022-இல் சோதனை முறையில் தொடங்கிய அடிப்படை வருமானத் திட்டம். தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வழங்கினார்கள். எத்தனை கச்சேரி செய்தாய், என்ன எழுதினாய் என்ற விசாரணை இல்லாமல் வருகிற பணம் என்பதால், ஒரு பாட்டை அவசரமில்லாமல் எழுத அது இடம் கொடுத்தது.

கேள்வி: நானும் பாட்டு எழுதிப் பாடுகிறவன். நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தோடு வந்தால், இவர்களின் அனுபவத்திலிருந்து எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

பதில்: முன்பணத் தொகையைக் கடைசியில் பாருங்கள். மூலப்பதிவின் உரிமையை எழுதிக் கேட்கிறார்களா, குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிடும் உரிமத்தை மட்டும் கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. உரிமம் என்றால் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். சொந்த நாட்டைத் தமக்கென வைத்துக்கொண்டு வெளிநாடுகளை மட்டும் பிறருக்குக் கொடுப்பது, ரைஸ் உட்படப் பல ஐரிஷ் பாடகர்கள் கையாண்ட முறை. எத்தனை ஆல்பங்களுக்கு உங்களைக் கட்டுகிறார்கள் என்பதையும், அவர்கள் ஓர் ஆல்பத்தை வெளியிடாமல் முடக்கி வைத்தால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், இசைத்துறை ஒப்பந்தங்களை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கும் வரை கையெழுத்திட வேண்டாம்.