‘கல்லீரல் கஷ்டத்தில் இருக்கிறது’: ஹ்மாங் மக்களின் மனநலம் பற்றிக் கேள்வி பதில்

மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஹ்மாங் மக்கள். அவர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஹ்மாங் மக்கள் யார்? அமெரிக்காவுக்கு ஏன் வந்தார்கள்?

இங்கே இருப்பவர்கள் லாவோஸ் மலைகளிலிருந்து வந்தவர்கள். 1960-களில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, ஹ்மாங் தளபதி ஜெனரல் வாங் பாவ் தலைமையில் அவர்களைத் திரட்டி, கம்யூனிஸ்ட் படைகளுக்கு எதிராக ரகசியப் போர் நடத்தியது. 1975-ல் அமெரிக்கா கைவிட்டுப் போனதும் வேட்டையாடப்பட்டார்கள். இரவில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் அகதிகளாக அமெரிக்காவுக்கு வந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள் என்று கைக்குழந்தைக்கு அபின் கொடுத்த தாய்மார்கள் உண்டு. சில குழந்தைகள் அதன்பின் கண் விழிக்கவில்லை. இன்று என் எதிரில் உட்காரும் 65 வயது அம்மா, அந்த ஆற்றைக் கடந்தபோது இளம்பெண். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

(மினியாப்பொலிஸிலிருந்து ஒரு செவிலியர்) ஹ்மாங் பாட்டி ஒருவர் தலைவலி, நெஞ்சடைப்பு என்று மாதாமாதம் வருகிறார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மனநோய் இருக்கிறதா என்று கேட்டால் கோபப்படுகிறார். என்ன செய்வது?

அவர் கோபம் நியாயமானது. ‘மனநோய்’ என்பதை அவர்கள் மொழியில் நேராகச் சொன்னால் பெரும்பாலும் ‘பைத்தியம்’, ‘மூளை கெட்டவர்’ என்றுதான் காதில் விழும். எந்தப் பாட்டி ஆமாம் என்பார்?

நமக்கு உணர்ச்சி குடியிருப்பது நெஞ்சில் என்றால், அவர்களுக்குக் கல்லீரலில். அதை ‘சியா’ என்பார்கள். ‘ஞுவா சியா’ என்றால் கல்லீரல் கஷ்டத்தில் இருக்கிறது. கவலை, சோர்வு, தீராத யோசனை எல்லாம் அதில் அடக்கம். ‘து சியா’ என்றால் கல்லீரல் அறுந்துவிட்டது, அதாவது மனம் நொந்துவிட்டது. அடுத்த முறை உரைபெயர்ப்பாளர் மூலம் ‘ஞுவா சியா இருக்கிறதா, எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தலைவலியை மறந்துவிடாதீர்கள். அவர் நம்பி உங்களிடம் கொண்டுவந்தது அந்த வலியைத்தான்.

பேரனை வைத்து மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். பாட்டி பேரன் முன்னால் போரைப் பற்றிப் பேசமாட்டார். பேசினாலும் அந்தப் பையன் தாங்கவேண்டியதில்லை. பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரையே அழையுங்கள். ஆனால் அவர் எந்தக் குலம் என்று முதலில் விசாரியுங்கள். ஹ்மாங் சமூகத்தில் ஒரே குலத்தவர் உடன்பிறந்தவர்கள் மாதிரி. குடும்பச் சண்டையைச் சொந்தக்காரர் காதில் போட யாருக்கு மனம் வரும்? தொலைபேசியில் வேறு மாநில உரைபெயர்ப்பாளர் கிடைத்தால் பலர் நிம்மதியாகப் பேசுகிறார்கள்.

(கோயம்புத்தூரிலிருந்து உளவியல் மாணவி) ஆன்மா தொலைந்துவிட்டது என்று நம்புகிறவரிடம் மறுத்துப் பேசாமல் இருப்பது, நாம் பொய்க்குத் துணைபோவது இல்லையா?

நல்ல கேள்வி, எனக்கும் இருந்தது. பயம், விபத்து, துக்கம், அறுவைச்சிகிச்சை இவற்றால் ஆன்மா உடலைவிட்டு விலகிப்போகும் என்பது அவர்களுடைய மரபான நம்பிக்கை. அதைத் திரும்ப அழைக்கும் சடங்கு ‘ஹு ப்லி’. முடிவில் உறவினர் எல்லோரும் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்துவார்கள். மனமுடைந்த ஒருவரைச் சுற்றி முப்பது பேர் கூடி ‘எங்களிடம் திரும்பி வா’ என்கிறார்கள். என் அறையில் ஐம்பது நிமிடத்தில் என்னால் அதைத் தர முடியாது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில், ஸ்கேனுக்கு முன் ஒரு தாத்தாவின் மணிக்கட்டு நூல்களைக் கேட்காமலே கத்தரித்துவிட்டார்கள். அவர் அதன்பின் யாரிடமும் பேசவில்லை. இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் 1980-களில் லியா லீ என்ற ஹ்மாங் சிறுமிக்கு வலிப்பு வந்தது. அக்கா கதவை ஓங்கிச் சாத்தியதில் ஆன்மா பயந்து ஓடியது என்று பெற்றோர் நினைத்தார்கள். டாக்டர்கள் மருந்தை மாற்றிமாற்றி எழுதினார்கள். பெற்றோர் சரியாகக் கொடுக்கவில்லை என்று சிறுமியைக் கொஞ்ச காலம் வளர்ப்பு வீட்டில் வைத்தார்கள். 1986-ல் கடும் நோய்த்தொற்றும் நிற்காத வலிப்பும் சேர்ந்து மூளை மீளமுடியாதபடி பாதிக்கப்பட்டு, நினைவற்ற நிலைக்குப் போனாள். 2012-ல் இறந்தாள். இரு தரப்புமே அவள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் பாடுபட்டார்கள். அதே ஊர் மருத்துவமனை ஒன்று 2009-ல், ஒன்பது வகைச் சடங்குகளை நோயாளியிடமே வந்து நடத்த, ஆவிகளோடு பேசிக் குணப்படுத்தும் பூசாரிகளான ஷாமன்களுக்கு அனுமதி கொடுத்து விதி எழுதியது.

ஆன்மா இருக்கிறதா என்று நான் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சொல்லித்தந்த மாதிரி கேட்கிறேன்: இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது? இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்? அப்புறம் சடங்கு, மாத்திரை இரண்டுக்கும் நாள் குறிக்கிறோம்.

தூக்கத்திலேயே ஹ்மாங் ஆண்கள் இறந்துபோனது உண்மையா?

உண்மை. 1970-களின் கடைசியிலிருந்து ஆரோக்கியமான அகதி இளைஞர்கள் பலர் தூக்கத்தில் இறந்தார்கள். 1981-ல் அது உச்சத்துக்குப் போனது. பிற்பாடு, பிருகடா என்ற மரபுவழி இதயத்துடிப்புக் கோளாறோடு இது தொடர்புபடுத்தப்பட்டது. நெஞ்சில் ஏறி அமுக்கும் ‘தா ச்சோ’ என்ற ஆவிதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். தூங்கப் பயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதயப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள், கனவையும் கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றி எப்படிக் கேட்பது?

கட்டாயம் கேட்கவேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆனால் சாவைப் பற்றி வாய்விட்டுச் சொல்வதைச் சாபம் மாதிரி எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அதனால், ‘இவ்வளவு துக்கப்பட்ட சிலர் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றியதா? உயிரை விடுவதற்கு ஏதாவது வழி யோசித்தீர்களா?’ என்று மெதுவாக, ஆனால் மறைக்காமல் கேட்பேன். ஆமாம் என்றால் அவரைத் தனியாக அனுப்பமாட்டேன். அவர் சம்மதத்தோடு குலப் பெரியவரையும் கூப்பிடுவேன்.

எல்லா ஹ்மாங் மக்களிடமும் ஷாமனைப் பற்றிப் பேசலாமா?

வேண்டாம், பலர் கிறிஸ்தவர்கள். சிலருக்கு அந்தப் பேச்சே புண்படும். ‘உடம்பு முடியாவிட்டால் வீட்டில் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ஷாமனா, பாஸ்டரா, இரண்டு பேருமா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.