‘உமது சித்தம்’ என்று ஜெபிப்பது அவிசுவாசமா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரே காரியத்துக்காக ஜெபிக்கிறேன், பதில் இல்லை. ‘உமது சித்தம் ஆகட்டும்’ என்று ஜெபித்தால் அது அவிசுவாசம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை.

நீங்கள் வீட்டில் யாரோ நோயாளிக்காக ஜெபிக்கிறீர்கள், இதைச் சொன்னவர் ஜெபிக்க வந்த ஒருவர் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. வசனத்தை வைத்து வாதம் செய்ய வருகிறவர்கள் முதலில் முழுவதையும் படித்துவிடுங்கள்.

என் கணவர் ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்றால் என் ரத்த வகை அவருக்குப் பொருந்தவில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், சேலத்தில் டயாலிசிஸ். காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சாயங்காலம் அதே இருபதும் ஏறுவோம். ஏறும்போது அவருக்குத் தலை நிற்காது, என் தோளில் சாய்ந்துகொள்வார். சனிக்கிழமை வந்தால் இன்னும் கொடுமை. வளைவிலேயே காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பின்னால் வரிசையாக பஸ் நிற்கும். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும்போது கேட்கவே வேண்டாம். சுற்றிப்பார்க்க வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பாதையில் நோயாளிகளும் போகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய இடது கையில் பிஸ்டுலா வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். மேலே விரல் வைத்தால் தோலுக்கு அடியில் தேனீ அடைபட்டது போல அதிரும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே ஓடி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதனால் தினமும் ராத்திரி கை வைத்துப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கிற நேரமே எங்கள் ஜெப நேரமாகிவிட்டது. விரலுக்குக் கீழே அது ஓடிக்கொண்டிருக்க, ‘சுகம் கொடும் ஆண்டவரே’ என்று கேட்பேன். கடைசியில் ‘உமது சித்தம்’ என்று அவர் முடிப்பார்.

ஒருநாள் ஜெபிக்க வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, ‘சித்தம்னு சொல்லிச் சொல்லியே சுகத்தைத் தடுக்கிறீங்க சிஸ்டர், டயாலிசிஸை நிறுத்திட்டு விசுவாசத்துல நில்லுங்க’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அன்றைக்கு என் கணவர் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல நினைக்கிறேன்: ‘மார்ச் மாசம் காபி பூக்கிறதுக்குப் பூ மழை வேணும்னு எஸ்டேட்டே ஜெபிக்குது. மழை வரலைன்னா ஸ்பிரிங்க்ளர் வச்சுத் தண்ணி விடுறோம். அதுக்காக ஜெபத்தை விட்டோமா? செடியைத்தான் பிடுங்கிப் போட்டோமா?’

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு எடுத்த எடுப்பில் சரி என்று சொல்லவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று கேட்டார். கேட்டுவிட்டுத்தான் ‘உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது’ என்றார். மூன்று தடவை போய் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். பவுலும் தன் மாம்சத்தில் ‘முள்’ என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தடவை கேட்டார். முள் போகவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? அதனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆறு வருடம் கேட்டதும் விசுவாசம்தான், முடிவை அவரிடம் விடுவதும் விசுவாசம்தான்.

நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்தார். பிறகு ஒரு ஜனவரியில், பழம் எடுக்கிற நேரத்தில், போய்விட்டார். சபையில் சாட்சி நேரத்தில் சுகம் கிடைத்தவர்களைத்தான் மேலே கூப்பிடுகிறார்கள். நான்கு வருடம் ஒருநாளும் முறுமுறுக்காமல் ஊசிக்குக் கை நீட்டிய மனிதரைப் பற்றிச் சொல்ல என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அது சாட்சி இல்லையா? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

அவர் போன பிறகு எனக்கு ஜெபிக்க வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். ராத்திரி அத்தையும் நானும் பரமண்டல ஜெபம் மட்டும் சொல்வோம். ‘உம்முடைய சித்தம்’ என்ற இடம் வந்ததும் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அத்தை என்னைத் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. பெற்ற மகனை அடக்கம் பண்ணிய அம்மா, அந்த வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாக, எனக்கும் சேர்த்துச் சொல்வார். அடுத்த வரியில் நான் சேர்ந்துகொள்வேன். பல மாதம் அப்படியே போனது. மறுவருடம் பூ மழை பெய்த ஒரு ராத்திரி, தகரக் கூரைச் சத்தத்தில் அத்தையின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அந்த வரியை அன்றைக்கு நானே சொன்னேன்.