நரம்பு களைக்கவில்லை, சந்திப்புதான் களைத்தது

தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்பு வழியாகத் தொடர்ந்து தூண்டியபோது சுருக்கம் நின்றுவிட்டது, மின்முனையைத் தசையிலேயே வைத்ததும் மறுபடி சுருங்கியது, அப்படியானால் களைத்தது நரம்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தசையில் இன்னும் தெம்பு இருக்கிறது என்பது சரி. ஆனால் பழியை நரம்பின் மேல் போடாதீர்கள், அது மணிக்கணக்கில் தாங்கும்.

சிக்கல் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். நரம்பு முனையில் நுண்ணிய பைகளில் அசிடைல்கோலின் என்ற வேதித் தூதுப்பொருள் இருக்கிறது. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது, பைகள் திறக்கின்றன, வெளிவந்த அசிடைல்கோலின் தசைச் சவ்வின் ஏற்பிகளில் ஒட்டுகிறது. அங்கே சோடியம் உள்ளே பாய்ந்து புதிய துடிப்பு கிளம்புகிறது. இடைவிடாமல் தூண்டினால் தயார் நிலையில் உள்ள பைகள் குறைந்துபோகும். வெளிவரும் அளவு போதாமல் துடிப்பு அங்கேயே நின்றுவிடும்.

இதை அப்படியே மனிதக் களைப்புக்குப் பொருத்திவிடாதீர்கள், தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது. 1954-இல் மெர்ட்டன் என்ற உடலியல் ஆய்வாளர் மனிதக் கட்டைவிரல் தசையைச் சோதித்தார். விசை குறைந்த பிறகும் நரம்பைத் தூண்டினால் தசையில் மின்துடிப்பு குறையாமல் வந்தது. சந்திப்பு நன்றாகவே வேலை செய்தது, தளர்ந்தது தசைதான். தசைக்குள் பாஸ்பேட் சேர்வதும், தசைச் செல்லுக்குள் உள்ள சேமிப்புப் பைகளிலிருந்து கால்சியம் குறைவாக வெளிவருவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். லாக்டிக் அமிலம் வீணாக நிறையப் பழி சுமந்துவிட்டது.

அப்புறம் ஒன்று: உங்கள் தவளைச் சோதனையில் நரம்பு காய்ந்துபோனாலும் இதே முடிவுதான் வரும். ரிங்கர் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) நனைத்து, சில நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி நரம்பைத் தூண்டிப் பாருங்கள்.