அடுத்தவர் வளவில் வண்டி நிறுத்தும்போது

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஃபுட் டிரக் நடத்துகிறோம். காளான், தட்டுவடை செட், பள்ளிபாளையம் சிக்கன் போடுவோம். ஈரோட்டில் ஒரு டர்ஃப் கிரவுண்டில் (மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம்) வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம் வண்டியை நிறுத்திக்கொள்ள அதன் ஓனர் இடம் கொடுத்தார். வாடகை இல்லை, விற்பனையில் பத்தில் ஒரு பங்கு. ஆறு மாதமாக அதில் ஒரு ரூபாய் குறைத்ததில்லை. தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸும் வைத்தோம், நன்றாகவே ஓடியது. நடுவில் காங்கேயத்தில் கல்யாண ஆர்டர் வந்ததால் இரண்டு ஞாயிறு மட்டும் போகவில்லை. இப்போது அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேறு வண்டி பார்ப்பதாக வாட்ச்மேன் சொல்கிறார். நாங்கள் என்ன தப்பு செய்தோம்?
— பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

கணக்கில் சுத்தமாக இருந்திருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது, புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ‘இரண்டு ஞாயிறு மட்டும் போகவில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முன்கூட்டியே சொன்னீர்களா என்று எழுதவில்லை. சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று பாருங்கள். ஏழு மணி ஸ்லாட் முடிந்து பையன்கள் பசியோடு வெளியே வருகிறார்கள். கூட வந்த குழந்தைகள் காளான் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். “வண்டி வரலீங்களாண்ணா?” என்று ஒவ்வொருவரும் கேட்டது அவரைத்தான். உங்களை நம்பி யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அவர் பாடு இன்னும் சங்கடம். அதுவும் ஒரு முறை இல்லை, இரண்டு முறை. ஆர்டரை விடச் சொல்லவில்லை. முன்பணம் கைக்கு வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அவர் சம்மதித்தால், தெரிந்த இன்னொரு வண்டியை அன்றைக்கு மட்டும் நிறுத்த ஏற்பாடு செய்திருக்கலாம்.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். ஆபீஸ் ரூமில் ஒரு ஃபிரிட்ஜ் வைத்துத் தண்ணீரும் கூல்டிரிங்க்ஸும் விற்கிற டர்ஃப்கள் நிறைய. உங்கள் ஓனரும் விற்கிறாரா என்று கவனித்தீர்களா? விற்கிறார் என்றால் அவர் வாசலிலேயே நின்று அவர் வியாபாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பள்ளிபாளையம் சிக்கனில் விழுகிற வரமிளகாய்க்கு, சாப்பிட்டவர் தண்ணீரைத் தேடி ஓடத்தான் செய்வார். அந்த ஓட்டத்தை அவருடைய ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பிவிட்டிருந்தால், உங்கள் வண்டி வருகிற நாளை அவர் எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார். இடம் கேட்கிற முதல் நாளே, “நீங்க என்னென்ன விக்கறீங்க, நாங்க எதை வைக்க வேண்டாம்?” என்று கேட்டுவிடுவது மரியாதை.

என் அம்மா கோபி பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்தவர். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன், அடுப்பு இருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை விரலால் தடவிப் பார்ப்பார். பிசுக்கு ஒட்டினால் மறுபடியும் சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்க்கச் சொல்வார். பந்தல்காரர்கள்கூடக் கிளம்பியிருப்பார்கள், எங்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஒரே ஒரு மண்டபத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நாங்கள் பாதியில் விட்டு வந்துவிட்டோம். அடுத்த முகூர்த்தத்திலிருந்து அங்கே எங்களைக் கூப்பிடவில்லை. யாரும் சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கம் அப்படித்தான். வந்த ஒறம்பரையிடம், அதாவது விருந்தாளியிடம், குறை சொல்ல வாய் வராது. “அட, பரவாலீங்க” என்பார்கள். அந்தப் ‘பரவாலீங்க’வை நம்பி இருந்துவிடக் கூடாது, தங்கச்சி. மாதம் ஒரு தடவை நாமே போய், “எங்களால உங்களுக்கு ஏதாச்சும் சிரமம் இருக்குதுங்களா?” என்று கேட்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். எண்ணெய்ச் சட்டி இருக்கிற பக்கம் பேவர் பிளாக்கில் கருப்பாக ஒரு வட்டம் இருக்கும். இனிமேல் எங்கே நிறுத்தினாலும் அடியில் தகரமோ பழைய ஃப்ளெக்ஸோ விரித்துவிடுங்கள். சிந்தினால் உடனே மரத்தூளைக் கொட்டி அள்ளிவிட வேண்டும். பயன்படுத்திய எண்ணெய் சாக்கடைக்குள் போகக் கூடாது, கேனில் உங்களோடு திரும்பி வர வேண்டும். காளானுக்குப் பல்குச்சி கொடுப்பீர்கள் என்றால் நிறுத்திவிட்டு ஸ்பூன் கொடுங்கள். செயற்கைப் புல்லுக்குள் ஒரு குச்சி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். குப்பை மூட்டை அவர் தொட்டியில் வேண்டாம், வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருதரம் மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. உங்கள் கையில் பிடிபட்டாலும் பேச்சு அவர் இடத்தைப் பற்றித்தான் எழும்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைக்கவே வேண்டாம், அது சட்டப்படி தப்பு. கடைக்கென்று இருக்கிற 19 கிலோவைத்தான் வைக்க வேண்டும். எண்ணெய்த் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது உதவிக்கு நிற்கிற பையனுக்கும் தெரிந்திருக்கட்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் நகல் ஒன்றை, கேட்காமலேயே ஓனரிடம் கொடுத்து வையுங்கள். அவர் இடத்துக்குள் அடுப்பு எரிகிறது, அவருக்கும் தைரியம் வேண்டும் அல்லவா? கரண்ட் அவருடையது என்றால், ஃப்ரீஸர் எத்தனை வாட் இழுக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, பில்லுக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்? போனில் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால், கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் இரண்டு பேரும் நேரில் போங்கள். கையில் சோப்புத்தூளும் முரட்டு பிரஷும் இருக்கட்டும். “ரெண்டு ஞாயிறு சொல்லாம விட்டது எங்க தப்புங்கண்ணா” என்று அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். ஆர்டர் கதையெல்லாம் அவர் கேட்டால் மட்டும். அவர் தண்ணீர் விற்கிறார் என்றால், “இனி அது உங்களுதுதாங்க” என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு வண்டிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு, வண்டி நின்ற இடத்துக்குப் போய் அந்தக் கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லிக்கொண்டு வாருங்கள். விஷயத்தை உங்கள் காதில் போட்டவர் அவர்தான்.