அமெரிக்காவில் ஓடும் பெரிய டீசல் பிக்கப் டிரக்குகள் நிஜத்தில் எவ்வளவு மைலேஜ் தரும்? வாங்கினால் லாபமா?

ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 ரகத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். காலியாக ஹைவேயில் போனால் காலனுக்கு 17 முதல் 20 மைல், ஊருக்குள் 12 முதல் 15, பின்னால் பெரிய டிரெய்லரை மாட்டிவிட்டால் 9 முதல் 12. நம்மூர் கணக்கில் 20 மைல் என்பது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர், 10 மைல் என்றால் நாலேகால். 25 வருகிறது என்று சொல்பவரிடம் எந்த வேகத்தில், எத்தனை டேங்க் சராசரி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஷோரூம் ஸ்டிக்கரில் இந்த எண்ணைத் தேட வேண்டாம். வண்டியும் சுமையும் சேர்த்து 8,500 பவுண்டுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பிக்கப்புகளுக்கு மைலேஜ் லேபிள் கட்டாயமில்லை, அதனால் கம்பெனிகள் போடுவதுமில்லை. ஆகவே நாமேதான் கணக்குப் போட வேண்டும். டேஷ்போர்டு டிஸ்பிளே பெரும்பாலும் தாராள மனசோடுதான் காட்டும். டேங்க்கை நிரப்பி, ஓடிய மைலை அடுத்த முறை போட்ட காலனால் வகுப்பதுதான் சரி, அதுவும் டீசல் நுரைத்துக்கொண்டு பங்க் குழாய் முன்கூட்டியே நின்றுவிடும் என்பதால் ஒரே டேங்க்கை வைத்து முடிவு கட்டக்கூடாது. இன்னொன்று, பெரிய டயர் மாட்டினால் ஓடோமீட்டர் நிஜத்தைவிடக் குறைவாக எண்ணும், மைலேஜ் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

டெக்சாஸில் நான் ஓட்டுவதும் இப்படி ஒரு முக்கால் டன் (இந்த 250/2500 ரகத்துக்கு அங்கே வழங்கும் பெயர்) டீசல்தான், கேம்பர், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர் இழுப்பதற்காக வாங்கியது. எடைதான் டீசலைக் குடிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏற்றத்திலும் நின்று நின்று போகும்போதும் அது உண்மை, ஆனால் சமதளத்தில் சீராகப் போகும்போது டீசலை விழுங்குவது காற்று. மணிக்கு 65 மைல் வேகத்திலிருந்து 75-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தாழ்வான டிரெய்லரில் டிராக்டரை ஏற்றி இழுப்பதும், அதே எடையில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கேம்பரை இழுப்பதும் ஒன்றல்ல, கேம்பரில் சட்டென்று இரண்டு மூன்று மைல் குறையும். மேற்கு டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் மணிக்கு 80 மைல் வரை போகலாம், எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் காலனுக்கு எட்டு மைலைக்கூட மறந்துவிட வேண்டியதுதான்.

அப்புறம் புகை வடிகட்டி. 2007-இல் வந்த மாசு விதிகளுக்குப் பிறகு சைலன்சர் பக்கம் ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதில் சேரும் கரியை எரித்துத் தள்ள வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலவழிக்கும். பள்ளிக்கூடம், மளிகைக்கடை என்று குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அந்த எரிப்பு அடிக்கடி வரும், பாதியில் அணைத்தால் முழுதாக முடியவும் முடியாது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்பதும் மணிக்கு அரை காலன் அளவுக்கு வீண். ஃபில்டரையே கழற்றிவிட்டால் மைலேஜ் ஏறும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஏறலாம், ஆனால் அது ஃபெடரல் சட்டத்துக்கு விரோதம், புகையைச் சுவாசிப்பது பின்னால் வருபவர்.

லாபமா என்றால், கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜினுக்கு மட்டும் பெட்ரோலைவிட ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். பெட்ரோல் காலன் 3 டாலர், டீசல் 3.70, வருடம் 15,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். காலியாக ஓட்டினால் பெட்ரோல் வண்டி 13, டீசல் 17 மைல். வருடத்துக்கு மிச்சம் சுமார் 200 டாலர்தான், அதையும் புகையைச் சுத்தப்படுத்த டீசல் வண்டிக்குத் தனியாக ஊற்றும் யூரியா திரவமும் பெரிய ஆயில் சேஞ்சும் சாப்பிட்டுவிடும். அதே தூரம் முழுக்க டிரெய்லரோடு என்றால் பெட்ரோல் 7, டீசல் 10, மிச்சம் 900 டாலரை நெருங்கும். அப்போதும் போட்ட காசு திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நான் டீசல் எடுத்தது மலை ஏறும்போது இன்ஜின் கத்தாமல் இழுப்பதற்கும், இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) பிடித்துக்கொள்வதற்கும்தான். மைலேஜுக்காக மட்டும், அதுவும் டிரெய்லர் இல்லாமல் வாங்குவதாக இருந்தால் பெட்ரோல் வண்டியே எடுங்கள்.